வைத்தியர் கிறீன்: உடலுக்குத் தமிழ்ப் பெயர் கண்டவர்

மெல்பேர்ண் நகரின் மேற்கே, டார்னெய்ட் பகுதியிலும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும் வாழும் எம்மவர் இல்லங்களில் இன்று சில அந்நியரின் பெயர்கள் அன்றாடம் ஒலிக்கின்றன. பார்க்கின்சன், அல்சைமர், ஹஷிமோட்டோ, குரோன் என்பன அவற்றுட் சில. முதியவர் ஒருவருக்கு வந்துள்ள நோய் யாதென வினவினால், வீட்டிலுள்ளோர் ஒரு மனிதரின் பெயரையே விடையாகத் தருகின்றனர். அம்மனிதர் யார், எந்நாட்டவர், எக்காலத்தவர் என்பது எவருக்கும் தெரியாது. அதனினும் கவலைக்குரியது, அப்பெயரைக் கேட்டதனால் நோயைப் பற்றி எள்ளளவும் தெரிந்துகொள்ள இயலாது என்பதே.

யாழ்ப்பாணத்தில் எமது பாட்டிமார் வழங்கிய நோய்ப் பெயர்கள் அத்தகையன அல்ல. நெருப்புக்காய்ச்சல் என்ற மாத்திரத்தில் உடல் அனலாய்க் கொதிப்பது கண்முன் தோன்றும். பாரிசவாதம் என்றால் உடலின் ஒரு பக்கம் செயலிழந்தது என்று சிறுவரும் அறிவர். தொய்வு என்ற சொல்லில் மூச்சு வாங்கி ஓய்ந்துபோகும் நெஞ்சின் சோர்வு அடங்கியிருக்கிறது. எமது இலக்கண நூலார் பெயர்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இரண்டாகப் பகுத்தனர். பாட்டியின் சொற்கள் காரணப் பெயர்கள். வைத்தியசாலையிலிருந்து நாம் கொண்டுவரும் ஆட்பெயர்களோ, அவற்றைச் சூட்டியவர்களுக்குக் காரணம் உடையனவாயினும், எமக்கு வெறும் இடுகுறிகளே.

நோயையும் உறுப்பையும் எப்பெயரால் அழைப்பது என்ற இவ்வினா புதியதன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே எமது மண்ணில் ஒருவர் அதனை நேர்நின்று எதிர்கொண்டார். அவர் தமிழர் அல்லர். கடல் கடந்து வந்த அமெரிக்கர். மானிப்பாய் மக்கள் இன்றும் மறவாத வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் அவர்களின் வாழ்வை, இந்நோக்கில் ஒருமுறை மீட்டுப் பார்ப்பது புலம்பெயர்ந்து வாழும் எமக்குப் பயன் தருவதாகும்.

வூஸ்ரரில் இருந்து மானிப்பாய்க்கு

ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த வூஸ்ரர் நகரில் 1822 ஆம் ஆண்டு ஒக்டோபர் 10 ஆம் நாள் கிறீன் பிறந்தார். நல்லூரில் ஆறுமுக நாவலர் அவதரித்ததும் அதே 1822 ஆம் ஆண்டிலேயாம். ஒருவர் கிறிஸ்தவ சமயத்தைப் பரப்ப வந்தவர்; மற்றவர் சைவத்தைக் காக்க எழுந்தவர். சமயத்தால் எதிரெதிர் நின்ற இவ்விருவரும், கல்லாதாருக்கும் விளங்கும் தமிழ் உரைநடையைத் தத்தம் துறையில் வளர்த்தனர் என்பது எண்ணி மகிழத்தக்க ஒற்றுமையாகும்.

கிறீனின் உடன்பிறந்தார் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன், பல பகுதிகளாகப் பிரிந்து கிடந்த நியூயோர்க்கை 1898 ஆம் ஆண்டில் ஒரே மாநகராக இணைத்த முயற்சியின் முன்னோடியாகப் போற்றப்படுகின்றார். அத்தகைய செல்வாக்குடைய குடும்பத்திற் பிறந்து, நியூயோர்க்கில் வைத்தியம் கற்று 1845 ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற கிறீனுக்கு, அங்கேயே பொருளும் புகழும் ஈட்டும் வழி திறந்திருந்தது. அவரோ அமெரிக்க மிஷனில் இணைந்து, 1847 ஆம் ஆண்டில் தமது இருபத்தைந்தாவது வயதில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்திற்கு வந்தது 1816 ஆம் ஆண்டில். அவர்கள் 1823 ஆம் ஆண்டில் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி தெற்காசியாவின் சிறந்த கல்விக்கூடங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. வைத்தியப் பணியைப் பண்டத்தரிப்பில் தொடக்கி வைத்தவர் ஜோன் ஸ்கடர். அவ்வழியில் வந்த கிறீன், தொடக்கத்தில் வட்டுக்கோட்டையில் தங்கித் தமிழ் கற்றார். 1848 ஆம் ஆண்டில் மானிப்பாயைத் தமது நிலையமாகக் கொண்டு, நோயாளரைப் பார்த்ததோடு தமிழ் இளைஞர் சிலரைச் சேர்த்து மேனாட்டு வைத்தியமும் கற்பிக்கலானார். கொழும்பில் வைத்தியக் கல்லூரி நிறுவப்பட்டது 1870 ஆம் ஆண்டிலேயே என்பதை நோக்கும்போது, இலங்கைத் தீவின் முதல் மேனாட்டு வைத்தியப் பள்ளி மானிப்பாயில் நடந்தது என நாம் பெருமையோடு கூறலாம்.

யாழ்ப்பாண நகரில் 1850 ஆம் ஆண்டில், அரசாங்க அதிபர் டைக் அவர்களின் காலத்தில், பொதுமக்களின் நன்கொடையால் ஒரு வைத்தியசாலை எழுந்தது. இன்றைய யாழ் போதனா வைத்தியசாலைக்கு வித்து அதுவே. அவ்வைத்தியசாலையிலும் கிறீனும் அவரிடம் பயின்றவர்களும் பணியாற்றினர். வாந்திபேதி யாழ்ப்பாணத்தை மீண்டும் மீண்டும் சூறையாடிய காலம் அது. ஊர்களில் அஞ்சாது நுழைந்து நோயாளரைப் பேண, ஊர் மொழி பேசும் வைத்தியர்கள் எவ்வளவு இன்றியமையாதவர்கள் என்பதைக் கிறீன் தமது கண்களாலேயே கண்டார்.

பெயர் கொடுத்த பணம்

அக்காலத்து மிஷன் பாடசாலைகளில் ஒரு வழக்கம் நிலவியது. அமெரிக்காவில் வாழ்ந்த கொடையாளர் ஒருவர் ஒரு பிள்ளையின் கல்விச் செலவை ஏற்றால், அப்பிள்ளைக்கு அவர் விரும்பிய பெயர் சூட்டப்படும். இவ்வாறே யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர், தாம் ஒருபோதும் கண்டிராத அமெரிக்கரின் பெயர்களைச் சுமந்தனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான விசுவநாதபிள்ளை, கறோல் என்ற பெயரையும் உடையவர். பாவலர் சரித்திர தீபகம் இயற்றிய சதாசிவம்பிள்ளை, ஆர்னல்ட் எனவும் அழைக்கப்பட்டார். சிதம்பரப்பிள்ளைக்கு நெவின்ஸ் என்று பெயர். கிறீனிடம் வைத்தியம் கற்று, பின்னர் அவரோடு மொழிபெயர்ப்பில் உழைத்தவர்களும் டன்வர்த், சப்மன் முதலிய பெயர்களாலேயே ஏடுகளிற் காணப்படுகின்றனர்.

இதனை வெறும் பழங்கதையாக நாம் தள்ளிவிட இயலாது. பெயரைச் சூட்டும் உரிமை எவரிடம் இருக்கிறதோ அவரிடமே ஆற்றலும் இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? பணம் அளித்தவரின் பெயர் பிள்ளைமேல் ஏறியது. பிள்ளையின் தந்தையும் தாயும் தேர்ந்த பெயர் பின்னுக்குச் சென்றது. அறிவியல் உலகிலும் இதுவே நிகழ்ந்தது. ஓர் உறுப்பை முதலிற் கண்டு எழுதியவரின் பெயர் அவ்வுறுப்பின்மேல் ஏறியது. அவ்வுறுப்பு என்ன செய்கிறது என்ற செய்தி பின்னுக்குச் சென்றது.

ஆட்பெயரால் பெருமை செய்யும் வழக்கம் எமக்கும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாண மன்னர் காலத்து வைத்திய நூல்களான செகராசசேகரமும் பரராசசேகரமும் அரசரின் பட்டப் பெயர்களையே தாங்கியுள்ளன. சித்த வைத்தியர்கள் வழங்கும் அகத்தியர் குழம்பு அம்முனிவரின் பெயரால் நிலவுகிறது. ஆயினும் எமது மரபு, நூலுக்கும் மருந்துக்கும் ஆட்பெயர் இட்டதேயன்றி, நோய்க்கும் உறுப்புக்கும் பெரும்பாலும் காரணப் பெயர்களையே வழங்கியது. மருந்தைச் செய்தவர் அதற்கு உரிமை கொண்டாடலாம். நோயோ அதனை அனுபவிப்பவனுக்கே உரியது.

ஆங்கிலம் கற்றவர் ஊரில் தங்கவில்லை

கிறீன் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே வைத்தியம் கற்பித்தார். மாணவர்கள் திறமையுடன் தேறினர். ஆனால் தேறியவர்களுட் பலர் அரசாங்க உத்தியோகம் நாடிப் பிற ஊர்களுக்குச் சென்றுவிட்டனர். கிராமத்து மக்களுக்காக வைத்தியரை உருவாக்க முனைந்தவர், உத்தியோகத்துக்கு ஆள் உருவாக்கி அனுப்புபவராகத் தாம் ஆகிவிட்டதை உணர்ந்தார். ஆங்கிலத்தில் கற்றவன் நோயாளியிடம் பேசும்போதும் அவ்வறிவைத் தமிழில் எடுத்துரைக்கச் சொல் இன்றித் தவித்தான்.

1850களின் நடுப்பகுதியில் மிஷன் தலைமைப்பீடமும் ஆங்கிலக் கல்வியைக் குறைத்துத் தாய்மொழிக் கல்விக்கு முதன்மை தரும் கொள்கையை மேற்கொண்டது. வட்டுக்கோட்டைச் செமினரி 1855 ஆம் ஆண்டில் மூடப்பட்டதும் அக்கொள்கையின் விளைவே. தமிழில் வைத்தியம் என்னும் எண்ணத்திற்கு இச்சூழல் துணை செய்தது உண்மையே. ஆயினும், கொள்கை வகுத்தோர் பாடசாலையை மூடியதோடு நின்றனர். கிறீனோ தமிழில் ஒரு புதிய பாடத்துறையையே கட்டி எழுப்பத் துணிந்தார்.

இடையில் அமெரிக்கா சென்ற அவர், மார்கிரட் வில்லியம்ஸ் என்ற அம்மையாரை மணந்து, 1862 ஆம் ஆண்டில் மனைவியோடு யாழ்ப்பாணம் திரும்பினார். அதன் பின்னர் அவருடைய வைத்திய வகுப்புகள் தமிழிலேயே நடைபெற்றன. மாணவர்கள் தமது உடையையும் ஊர் வழக்கங்களையும் கைவிட்டு மேனாட்டவரைப் போல மாறுவதை அவர் விரும்பவில்லை. சமயத்தால் கிறிஸ்தவராயினும் இனத்தால் தமிழராகவே அவர்கள் விளங்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். மதம் பரப்புவதே அவர் வருகையின் நோக்கம் என்பதை மறவாத வாசகரும், இவ்வெண்ணத்தின் நேர்மையை ஏற்பர்.

சொல் தேடிய முறை

தமிழில் வைத்தியம் கற்பிக்க வேண்டுமெனில் நூல்கள் வேண்டும். நூல்கள் வேண்டுமெனில் சொற்கள் வேண்டும். கிறீன் கைக்கொண்ட முறை தெளிவானது. முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது. அது கிடைக்காவிடின் வடமொழியிற் பொருத்தமான சொல்லை எடுப்பது அல்லது ஆக்குவது. அதுவும் இயலாவிடின் மேனாட்டுச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எழுதுவது. இம்மூன்று படிகளும் அவருடைய நூற்பெயர்களிலேயே தெரிகின்றன. சத்திர சிகிச்சை பற்றிய நூலுக்கு இரண வைத்தியம் எனவும், உடலமைப்பு நூலுக்கு மனுஷ அங்காதிபாதம் எனவும், உடற்றொழில் நூலுக்கு மனுஷ சுகரணம் எனவும், இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் எனவும் பெயர் அமைந்தது. தலைமுடி தொடங்கி அடிவரை பாடும் கேசாதிபாத மரபை அறிந்தவர் காதுக்கு அங்காதிபாதம் என்ற சொல் அந்நியமன்று.

பேறுகால வைத்தியம் பற்றிய நூல் 1857 ஆம் ஆண்டிலும், இரண வைத்தியம் 1867 ஆம் ஆண்டிலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872 ஆம் ஆண்டிலும், கெமிஸ்தம் 1875 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. மனுஷ சுகரணம் 1883 ஆம் ஆண்டில் அச்சேறியது. எல்லாம் சேர்ந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். இவற்றோடு கலைச்சொற்றொகுதிகளையும் அவர் வெளியிட்டார். இவ்வளவும் ஒருவரால் ஆன காரியமல்ல. தமிழ் மாணவர்கள் மொழிபெயர்க்க, கிறீன் ஒப்புநோக்கித் திருத்த, அச்சேறிய கூட்டு முயற்சி அது. வின்சுலோ அகராதி 1862 ஆம் ஆண்டில் வெளிவருவதற்கும் யாழ்ப்பாணத்து அறிஞர் உழைப்பே அடித்தளமாக இருந்தது. அங்கும் ஒருவரின் பெயரே நிலைத்தது. பலரின் உழைப்பு மறைந்தது.

மனுஷ அங்காதிபாதத்திற்கு மூலமாக அமைந்த நூல்களுள் ஒன்று, இலண்டனில் 1858 ஆம் ஆண்டில் வெளிவந்த ஹென்றி கிறேயின் உடலமைப்பு நூல். முப்பத்துநான்கு வயதில், 1861 ஆம் ஆண்டில், பெரியம்மையால் இறந்துபோன அவ்வைத்தியரின் பெயரே இன்றளவும் அந்நூலின் பெயராக நிலைத்துவிட்டது. அக்காலத்து மேனாட்டு உடலமைப்பு ஏடுகளைத் திறந்தால் பக்கந்தோறும் ஆட்பெயர்கள் நிறைந்திருக்கும். பெண்ணின் சூலகத்திலிருந்து கருப்பைக்குச் செல்லும் குழாய், 1562 ஆம் ஆண்டில் இறந்த இத்தாலியர் பலோப்பியோவின் பெயரால் வழங்கும். செவிக்கும் தொண்டைக்கும் இடையிலுள்ள குழாய், இன்னோர் இத்தாலியரான யூஸ்டேக்கியின் பெயரால் வழங்கும். குதிகாலின் நாணுக்கோ கிரேக்கக் காவிய வீரன் அக்கிலீசின் பெயர்.

மானிப்பாயில் வகுப்பில் அமர்ந்திருந்த இளைஞனுக்கு இப்பெயர்களால் யாது பயன்? இத்தாலி எங்குள்ளது என்பதை அவன் அறிந்திருக்கலாம். ஆனால் நாளை ஒரு குடிசையில் பேறுகால வேதனைப்படும் தாயின் அருகில் நின்று அவளுடைய அன்னைக்கு நிலைமையை எடுத்துச் சொல்ல, அவனுக்கு வேண்டியது குழாய் எது, எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதே. தமிழ்ச்சொல்லை முதலில் தேடு என்னும் கிறீனின் விதி, கண்டுபிடித்தவரின் புகழை நோக்கிப் பிறந்ததன்று. கேட்பவரின் செவியை நோக்கிப் பிறந்தது. அவருடைய வாழ்க்கை எமக்கு உணர்த்தும் தலையாய உண்மை இதுவே என நாம் கருதுகின்றோம்.

உலகம் பின்னர் வந்த வழி

மேனாட்டு அறிஞரும் காலப்போக்கில் இத்திசையிலேயே திரும்பினர். 1895 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் கூடிய உடலமைப்பு அறிஞர், ஏறக்குறைய 50,000 ஆகப் பெருகிக் கிடந்த பெயர்களை 5,000 அளவுக்குச் சுருக்கினர். ஒரே உறுப்புக்கு நாட்டுக்கொரு மனிதரின் பெயர் வழங்கியதே அக்குழப்பத்திற்கு ஒரு முக்கிய காரணம். 1955 ஆம் ஆண்டில் பாரிசில் ஏற்கப்பட்ட சொற்பட்டியல் ஆட்பெயர்களை விலக்கியது. ஆயினும் வைத்தியரின் நாவிலிருந்து அப்பெயர்கள் எளிதில் அகலவில்லை. நோய்ப் பெயர்களிலோ அவை இன்றும் ஆட்சி செய்கின்றன.

பார்க்கின்சன் நோயின் வரலாறு சுவையானது. இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817 ஆம் ஆண்டில் அந்நோயை விவரித்தபோது, நடுக்கத்தோடு கூடிய வாதம் என்ற பொருள்படும் பெயரையே அதற்கு இட்டார். அவருடைய பெயரை நோய்க்குச் சூட்டியவர் பல ஆண்டுகளின் பின் பாரிசில் வாழ்ந்த சார்கோ என்பவர். ஆக, எமது சித்த வைத்திய மரபில் வழங்கும் நடுக்குவாதம் என்ற சொல், பார்க்கின்சன் தாமே தேர்ந்த பெயருக்கு மிகவும் நெருங்கியதாகும். நடுக்குவாதம் என்று சொல்லும் எமது முதியவர் அறியாமையால் பேசவில்லை. நோயை முதலில் எழுதியவரோடு ஒத்த கண்ணால் அதனைப் பார்க்கிறார்.

ஆட்பெயர் சில வேளை கொடியவனுக்கு மாலை சூட்டிவிடுவதும் உண்டு. மூட்டுவீக்க நோய் ஒன்று, 1916 ஆம் ஆண்டில் அதனை விவரித்த ஜேர்மன் வைத்தியர் ஹன்ஸ் ரைற்றரின் பெயரால் நெடுங்காலம் வழங்கியது. பின்னர் நாசி ஆட்சியில் உயர்பதவி வகித்த அவர், புக்கன்வால்ட் வதைமுகாமில் கைதிகள்மீது நடந்த பரிசோதனைகளோடு தொடர்புடையவர் என்பது வெளிப்பட்டது. 1977 ஆம் ஆண்டு தொடக்கம் வைத்தியர் சிலர் அப்பெயரை நீக்கப் போராடி வந்தனர். இன்று அந்நோய் அதன் தன்மையைக் குறிக்கும் பெயராலேயே பெரிதும் அழைக்கப்படுகிறது. முகாமும் சிறையும் என்னவென்று அனுபவித்து அறிந்த எம்மவருக்கு, துன்புறுத்தியவனின் பெயரைத் துன்புறுவோன் சுமப்பது எத்தகைய கொடுமை என்பதை விளக்க வேண்டியதில்லை.

இருப்பினும் ஆட்பெயரெல்லாம் தீது, காரணப் பெயரெல்லாம் நன்று என்று நாம் முடிவு கட்டிவிடலாகாது. காரணப் பெயரும் புண்படுத்தும். குட்டம் என்ற சொல்லால் எமது சமூகம் எத்தனை நோயாளரை ஊருக்கு வெளியே தள்ளியது! நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன், அந்நோயின் கிருமியை 1873 ஆம் ஆண்டில் கண்டார். ஹன்சன் நோய் என்ற பெயர் பல நாடுகளில் நோயாளருக்கு இழிவினின்று ஒரு மறைப்பை அளித்தது. அவ்வாறே, ஆங்கில வைத்தியர் லாங்டன் டவுன் 1866 ஆம் ஆண்டில் விவரித்த பிறவி நிலை, ஆசிய இனம் ஒன்றின் பெயரால் இழிவுதோன்ற வழங்கியது. 1961 ஆம் ஆண்டில் அறிவியலாளர் பலர் இதனை எதிர்த்தனர். மொங்கோலிய நாட்டின் வேண்டுகோளின்பின், 1965 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அச்சொல்லைக் கைவிட்டது. அங்கு டவுன் என்ற ஆட்பெயரே மானம் காத்தது.

எனவே உரைகல் ஒன்றே: பெயர் எவருக்குப் பயன்படுகிறது? சூட்டியவரின் புகழுக்கா, சுமப்பவரின் நலத்துக்கா? கிறீன் தேர்ந்தது இரண்டாவது வழியை.

கல்லறையில் ஒரு பெயர்

உடல்நலம் குன்றிய கிறீன், 1873 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை விட்டுத் தாயகம் திரும்பினார். அதற்குள் அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் இளைஞர்களை அவர் வைத்தியராக்கியிருந்தார். திரும்பிய பின்னரும் அவருடைய மனம் மானிப்பாயிலேயே இருந்தது. வூஸ்ரரில் இருந்தவாறே தமிழ் மொழிபெயர்ப்புகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் பணியைத் தொடர்ந்தார். சுற்றிலும் ஒருவரும் பேசாத மொழியில், கடலுக்கு அப்பால் உள்ள மாணவருக்காகச் சொல் தேடிக்கொண்டிருந்தார். ஊரை விட்டு வந்தபின் ஊரின் மொழியில் உழைப்பது எத்தகையதென எமது வாசகர் நன்கறிவர். அவருக்கோ அது பிறந்த ஊரிலேயே வாய்த்த அந்நிய வாழ்வு.

1884 ஆம் ஆண்டு மே மாதம் 28 ஆம் நாள் அவர் காலமானார். தமது கல்லறையில் பட்டங்களையோ பதவிகளையோ பொறிக்கும்படி அவர் விரும்பவில்லை. தமிழர்களுக்கு வைத்திய ஊழியம் புரிந்தவர் என்பதே அங்கு எழுதப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே வூஸ்ரர் நகரின் மயானத்தில், அமெரிக்க மண்ணில், தமிழரின் பெயர் ஒரு கல்லிற் பொறிக்கப்பட்டது. கொடையாளரின் பெயரைத் தமிழ்ப் பிள்ளைகள் சுமந்த காலத்தில், தமிழரின் பெயரைத் தம் கல்லறையிற் சுமந்த அமெரிக்கர் அவர்.

மானிப்பாய் மக்களோ அவரை வேறுவிதமாக நினைவு கூர்ந்தனர். அங்குள்ள வைத்தியசாலை கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. எமது வாசகருட் பலர் அங்கே பிறந்தவர்கள். பலர் தம் பெற்றோரை அங்கே கொண்டுசென்றவர்கள். உறுப்புக்கும் நோய்க்கும் தமிழ்ச்சொல்லைத் தேடியவருக்கு ஆட்பெயரால் வந்த இப்பெருமையை நாம் முரண்பாடாகக் கொள்ள வேண்டியதில்லை. தம் பெயரை எதன்மீதும் தாமே ஏற்றாதவர்க்கு, பயன் பெற்றோர் நன்றியால் இட்ட பெயர் அது. இருவகை ஆட்பெயருக்கும் உள்ள வேறுபாடு இதில் விளங்கும்.

டார்னெய்ட்டில் நாம் செய்ய வேண்டுவது

கிறீன் திறந்த வழி அவருக்குப் பின் நெடுங்காலம் தொடரவில்லை. பாடசாலைகளில் விஞ்ஞானம் தமிழில் கற்பிக்கப்பட்டபோது அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டது. எனினும் 1978 ஆம் ஆண்டில் யாழ் பல்கலைக்கழகத்தில் அமைந்த மருத்துவ பீடம் ஆங்கிலத்திலேயே கற்பித்தது. அதற்குத் தக்க காரணங்கள் இல்லாமலில்லை. ஆனால் வைத்தியரின் மொழிக்கும் நோயாளியின் மொழிக்கும் இடையிலான அகழி, கிறீன் கண்டபோது இருந்த அளவிலேயே இன்றும் இருக்கிறது. புலம்பெயர் நாட்டில் அது இன்னும் ஆழமாகிவிட்டது.

நாம் குடியிருக்கும் இவ்விடத்தின் பெயர்களையே நோக்குவோம். விக்டோரியா ஓர் அரசியின் பெயர். மெல்பேர்ண் ஒரு பிரித்தானியப் பிரதமரின் பெயர். இருவரும் இம்மண்ணில் ஒருபோதும் காலடி வைத்தவர்கள் அல்லர். டார்னெய்ட் என்பதோ, வெண்மை என்று பொருள்படும் வாதவுறொங் மக்களின் சொல். அயலிலுள்ள வெரிபீ என்ற பெயருக்கு முதுகெலும்பு என்று பொருள். ஆட்சி செய்தோர் ஆட்பெயரை இட்டனர். மண்ணோடு வாழ்ந்தோர் காரணப் பெயரை இட்டனர். அம்மக்கள் தம் நிலத்தை விட்டு விரட்டப்பட்ட பின்னரும் அவர்களுடைய சொல் எமது முகவரியில் உயிரோடு இருக்கிறது. சொல்லைக் காத்தவன் முற்றாக அழிவதில்லை என்பதற்கு இது சான்று.

ஆதலின் எமது குடும்பங்கள் சில காரியங்களை உறுதியாகச் செய்தல் வேண்டும். வைத்தியர் ஓர் ஆட்பெயரைக் கூறினால், அது உடலின் எவ்வுறுப்பை, எவ்விதம் தாக்குகிறது எனக் கேட்கத் தயங்கலாகாது. விக்டோரிய மாநிலத்தின் பொது வைத்தியசாலைகளில் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரைக் கோரலாம். அரசாங்கத்தின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையை 131450 என்ற இலக்கத்தில் தமிழிலும் பெறலாம். பத்து வயதுப் பிள்ளையைத் தாயின் நோய்க்கு மொழிபெயர்ப்பாளராக்குவது பிள்ளைக்கும் தாய்க்கும் தீது. அகதி விண்ணப்பத்தின் முடிவு இன்னும் வராதவர்கள், கேள்வி கேட்டால் தம் நிலைக்கு ஊறு நேருமோ என அஞ்சுவதை நாம் அறிவோம். தன் உடலுக்கு நேர்ந்தது என்னவென்று தன் மொழியில் அறிந்துகொள்வது எவரும் இரந்து பெறும் சலுகையன்று.

இன்னொன்று, வீட்டிலேயே செய்யத்தக்கது. ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் நோயின் ஆங்கிலப் பெயரையும், அதன் எதிரே தமிழில் அதன் விளக்கத்தையும், உண்ணும் மருந்துகளின் பெயர்களையும் எழுதி வைக்கலாம். ஆங்கிலப் பெயரை விலக்க வேண்டியதில்லை. அவசர வேளையில் வைத்தியருக்கு அதுவே வழிகாட்டும். தமிழ் விளக்கமோ நோயாளிக்கு வழிகாட்டும். எமது தமிழ்ப் பாடசாலைகளில் பூவும் பறவையும் கற்பிப்பதோடு ஈரல், சிறுநீரகம், நுரையீரல், நாளம் என்ற சொற்களையும் கற்பித்தால், நாளை வைத்தியராகவும் தாதியராகவும் வளரும் எமது பிள்ளைகள் தம் பாட்டனாரோடு பேச வல்லவராவர்.

அந்நியர் ஒருவர் கடல் கடந்து வந்து, எமது மொழியைக் கற்று, எமது உடலை எமது சொல்லால் எமக்கு விளக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். கடல் கடந்து வந்துள்ள நாம், எமது பெற்றோருக்கு அவர்களுடைய நோயை அவர்களுடைய மொழியில் விளக்கும் அவ்வளவையேனும் செய்வோமாக. வைத்தியர் கிறீனுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.